ரெங்கம்மா வீட்டுப் பிரிட்ஜ்

அத்தியாயம் பதினேழு

வியாழக்கிழமை காலை சிவஞானம் முதலாளியின் லொறி பசறை வீதியில் நமுனுகுலப் பக்கமாக ஏறிப் போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த லொறியில் என்னதான் இருந்தது என்று கேட்டீர்கள். ஒரு பிரிட்ஜ், ஒரு கலர் டி.வி., ஒரு கிரைண்டர். மூன்றும் பதுளை கடைவீதியில் சிவஞானத்தின் கடையில் இருந்தவை. மூன்றும் போய் இறங்கிய இடம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சின்னக் காம்பரா. அங்கே இருப்பவள் ரெங்கம்மா. கொழுந்து பறிக்கிறவள். சிவஞானத்தின் மருமகள் மேனுஷாவைப் பெற்றவள்.

அடடா, சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்பியிருக்கிறாரே, மனுஷன் திருந்திவிட்டாரே என்று யாரும் அவசரப்பட வேண்டாம். சிவஞானமாவது, திருந்துவதாவது!

நாட்டில் சண்டை நின்ற பிறகு கொழும்புக்கு வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார்கள் அல்லவா, அதில் ஒருவர் மலேசியாக் கம்பனியின் லிம். ஊவா மாகாணம் முழுவதற்கும் ஒரே பங்காளியைத் தேடி வந்தவர். சிவஞானத்தின் கடையைப் பார்த்தார், பிடித்திருந்தது. ஆனால் ஒன்று சொன்னார்.

"டவுனில் டொக்டரும் எஞ்சினியரும் வாங்குவார்கள், அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அடுத்த படியில் ஏறிக்கொண்டிருப்பவர்களை நான் பார்க்க வேண்டும். தோட்டத்தில் உங்களிடம் தவணைக்கு வாங்கிய ஒரு வீட்டைக் காட்டுங்கள்."

சிவஞானம் கொஞ்சமும் யோசிக்காமல், "இருக்கு சார்" என்றார்.

இல்லை. ஒரு வீடும் இல்லை. தோட்டத்து ஆட்களுக்குத் தவணை கிடையாது என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம். கடையில் போர்டு மாட்டவில்லையே தவிர, எல்லோருக்கும் தெரியும்.

ஆகவேதான் லொறி போனது. வெள்ளிக்கிழமை காலை லிம் வந்து பார்ப்பார், தலையாட்டுவார், போவார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சாமான்கள் கடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிரிட்ஜ் வேறு டொக்டர் இரகுநாதன் மகளின் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது, சனிக்கிழமை அவர் வீட்டில் இறக்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு சிவஞானத்தின் கையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டிகூட வெளியே போகாது. பெரிய மனுஷர் யாராவது பல்ப் கேட்டு வந்தாலும், "நாளைக்கு வாங்க ஐயா" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் யாராவது பணம் கொண்டுவந்தால் மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வருகிற லட்சுமியை வேண்டாம் என்று சொல்லலாமா?

இதற்கெல்லாம் மேனுஷா எப்படிச் சம்மதித்தாள்? படித்த பெண், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், அவளுக்குப் புத்தி எங்கே போனது?

புத்தி எங்கேயும் போகவில்லை, பண்டாரவளைக்குத்தான் போனது. மலேசியாக்காரர் கையெழுத்துப் போட்டால் பண்டாரவளையில் புதுக் கடை. கடைக்கு மேலே வீடு. அங்கே மகன் சுஜனும் மேனுஷாவும் தனியாகப் போகலாம் என்று மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் ரெங்கம்மா ஒரே ஒரு தடவை மகளைப் பார்க்க பதுளைக்கு வந்தாள். நாட்டுக்கோழி முட்டைகளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தவளைக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கடைத் தம்ளரில் தேத்தண்ணி கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்குள் வாங்க என்று மாமியார் ராமலட்சுமி சொல்லவில்லை. மாமனாரும் சொல்லவில்லை. அம்மா முன்வாசலால் உள்ளே வந்து உட்காருகிற ஒரு வீடு வேண்டும். மேனுஷாவுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வேனில் முன் சீட்டில் லிம். பின்னால் சிவஞானம், சுஜன், மேனுஷா. பசறை தாண்டியதும் மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சிவஞானம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மேனுஷா கணவன் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மாகிட்ட எல்லாம் வெவரமா சொல்லிட்டீங்கள்ல?"

சுஜன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எத?" என்றான்.

"சாமான் ஒரு நாளைக்குத்தான்னு."

"நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன். ஒங்கம்மாதானே?"

"என்னங்க இது! வயரிங்காரரோட நீங்கதானே நேத்து மேல வந்தீங்க? நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்!"

"வந்தேன். அத்தை வேலைக்குப் போயிருந்தாங்க. பக்கத்துக் காம்பராவுல சாவி வாங்கி எறக்கி வச்சிட்டு வந்துட்டேன். மொதலாளி அனுப்புனாரு, நாளைக்கு வருவாருன்னு சொல்லச் சொல்லிட்டு..."

அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைதான், மனைவி மேல் உயிர்தான், ஆனால் கஷ்டமான வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சுஜனுக்கு எப்போதும் வேறு வேலை வந்துவிடும்.

வேன் லயத்துக்கு முன்னால் திரும்பி நின்றது.

வாசலில் மாவிலைத் தோரணம். இஸ்தோப்புத் திண்ணை முழுக்கக் கோலம். லயத்துச் சனம் மொத்தமும் வேலைக்குப் போகாமல் குளித்து உடுத்தி நின்றது. நடுவில் ரெங்கம்மா, மகள் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டில், ஆலாத்தித் தட்டோடு.

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்றாள். "மூணு வருசம் கழிச்சாச்சும் வந்தீங்களே. அது போதும்."

சிவஞானம் திகைத்து நின்றார். ரெங்கம்மா மூன்று பேருக்கும் ஆலாத்தி சுற்றி, லிம்மின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

உள்ளே போனால், பிரிட்ஜுக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். கதவின் பிடியில் மல்லிகைச் சரம். டி.வி.க்கும் பொட்டு, கிரைண்டருக்கும் பொட்டு. வாசலில் தேங்காய் உடைத்த தண்ணீர் இன்னும் காயவில்லை. ஒற்றை பல்ப் எரிகிற அந்தக் காம்பராவுக்குப் பிள்ளைக் காம்பராவிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது.

மேனுஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா இதைச் சீர் என்று நினைத்திருக்கிறாள். லயம் பூராவும் சொல்லியிருக்கிறாள். இப்போது எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? பின்னால் சனம், முன்னால் மலேசியாக்காரர், பக்கத்தில் மாமனார். ஓடவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது.

வாயைத் திறக்காமலும் முடியாது! ஏனென்றால் அங்கே இங்கிலீஷும் தமிழும் ஒழுங்காகத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

"இந்தச் சாமான்களை எப்படி வாங்கினீர்கள் என்று கேளுங்கள்" என்றார் லிம்.

மேனுஷா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, இந்தச் சாமானப் பத்திச் சொல்லச் சொல்றாரு."

"என்னத்தடி சொல்றது? ஒனக்கு ஒண்ணும் செய்யாமக் கட்டிக் குடுத்தேன். சம்பந்தி வீட்டுல இருந்து யாரும் எட்டிக்கூடப் பாக்கலியேன்னு லயமே கேட்டுச்சு. மூணு வருசமாப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் சாமி கண்ணத் தொறந்துச்சு."

மேனுஷா லிம் பக்கம் திரும்பினாள். சுஜன் அவளையே பார்த்தான். சிவஞானம் கூரையைப் பார்த்தார்.

"மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாராம்" என்றாள் இங்கிலீஷில். "இப்போதுதான் முடிந்ததாம்."

"தவணைக்கா?"

"ஆமாம். தவணைக்கு."

வார்த்தை வெளியே வந்துவிட்டது. ரெங்கம்மா ஒன்றும் விளங்காமல் மகள் பேசுகிற இங்கிலீஷைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க மேனுஷாவால் முடியவில்லை.

லிம் பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே இடமில்லை. பால் மாவு கரைத்த போத்தல், தயிர்ச் சட்டி, மீன் துண்டு, பக்கத்து வீட்டுத் தேங்காய்ச் சம்பல், கடைசிக் காம்பராக்காரரின் இன்சுலின் மருந்து. ஒரு நாளில் அரை லயம் உள்ளே குடிவந்துவிட்டது.

"இதெல்லாம் யாருடையது?"

"அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுடையது" என்றாள் மேனுஷா. அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

லிம்முக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பார்த்தீர்களா? இந்த வருடம் ஒரு பிரிட்ஜுக்குள் இத்தனை வீடு. வருகிற வருடம் இத்தனை வீட்டிலும் ஒவ்வொரு பிரிட்ஜ்!" என்று சிவஞானத்தின் முதுகில் தட்டினார். படம் பிடித்தார். ரெங்கம்மாவைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தி இன்னும் படம் பிடித்தார்.

இலை போட்டுச் சாப்பாடு. லிம் இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். சிவஞானம் வயிற்று வலி என்று சொல்லி இலையைத் தொடவில்லை. பிறகு அவரும் லிம்மும் வேனில் பதுளைக்குப் போனார்கள். ஏறும்போது சிவஞானம் மகனிடம் மெதுவாக, "லொறிய அனுப்புறேன். வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஏத்திரு. அந்தக் குங்குமத்த நல்லா அழி, கறை நிக்கப்போகுது" என்றார். மேனுஷாவிடம், "பண்டாரவளை ஒனக்குத்தாம்மா" என்றார்.

சனம் கலைந்தது. சுஜன் வயரைச் சுற்றப் போனான். அடுப்படியில் அம்மாவும் மகளும் மட்டும்.

"அம்மா."

"இரு, ஒனக்குப் பாயாசம் எடுத்து வச்சிருக்கேன்."

"அம்மா, இதெல்லாம் நமக்குக் குடுத்தது இல்லம்மா."

ரெங்கம்மா பாயாசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கடச் சாமான். அந்த மலேசியாக்காரருக்குக் காட்டுறதுக்கு வச்சது. இப்ப லொறி வரும். எல்லாம் திரும்பிப் போயிரும். அவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன், நான் சொல்லியிருப்பேன்னு அவரு நெனச்சிருக்காரு. மன்னிச்சிரும்மா."

அடுப்பில் ஈர விறகு புகைந்தது. பாயாசக் கிண்ணத்தை ரெங்கம்மா அடுப்பு மேட்டில் வைத்தாள்.

"காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாவிலை கட்டியிருக்க மாட்டேனேடி" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் மேனுஷாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஆளு கேட்டதுக்கு நீ என்னான்னு சொன்ன?"

"நீ தவணைக்கு வாங்குனன்னு சொன்னேன்."

"தோட்டத்தாளுக்கு ஒங்க மாமனாரு தவணை குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு."

ரெங்கம்மா எழுந்தாள். ஈரத்துணி எடுத்து பிரிட்ஜின் விபூதியைத் துடைத்தாள், சந்தனத்தைத் துடைத்தாள். குங்குமம் லேசில் போகவில்லை. தேங்காய் நாரைத் தொட்டுவிட்டுக் கோடு விழுமே என்று வைத்துவிட்டாள். பிறகு தயிர்ச் சட்டியையும் போத்தலையும் அவரவர் காம்பராவுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தாள். "கரண்டு பத்தலையாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். மேனுஷா கூடவே போனாள். அம்மா பொய் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

லொறி வரவில்லை. நாலு மணி சங்கு ஊதியது, வரவில்லை. பனி இறங்கி லயத்தை மூடியது.

அடுத்தடுத்த காம்பராக்களில் வெள்ளிக்கிழமை விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ரெங்கம்மாவின் விளக்கு திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, அப்படியே இருந்தது. அவள் அதன் முன்னால் நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இன்னும் வெளக்கு ஏத்தலியா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏத்துறேன், ஏத்துறேன்."

புருஷன் செத்த வருடத்தில்கூட நேரம் தவறாமல் விளக்கு வைத்தவள் ரெங்கம்மா. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகக் கூடாது. சாமான் போக வேண்டும் என்பதற்காக அவள் வீட்டை இருட்டாக வைத்திருக்கிறாள். மேனுஷா சுவரோடு ஒட்டி நின்றாள். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன் என்று நினைத்தாள்.

கடைசியில் லொறிச் சத்தம். மேட்டில் வெளிச்சம் தெரிந்தது. சனம் திரும்பவும் கூடிவிட்டது.

லொறியிலிருந்து முதலில் குதித்தது சிவஞானம். இந்த வயதில் அவர் குதித்து யாரும் பார்த்ததில்லை.

"எதையும் எடுக்காதீங்க! சுஜன், வயரத் திரும்ப மாட்டு!" என்றார். "லிம் சார் சம்மதிச்சுட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை கோலாலம்பூர்ல இருந்து அவங்க பெரிய மொதலாளி வாறாரு. இந்த வீட்டத்தான் பாக்கணுமாம். இங்க வச்சுத்தான் கையெழுத்தாம்!"

லொறியின் பின் கதவு திறந்தது. உள்ளே புத்தம் புது வோஷிங் மெஷின். லயத்துக்குப் பொதுத் தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். காம்பராவுக்குள் தண்ணீர் வருவதே இல்லை. ஆனாலும் வோஷிங் மெஷின்!

"அது வேணாங்க" என்றாள் ரெங்கம்மா வாசலில் நின்று. "இருக்கிறதையும் கொண்டு போயிருங்க. அதுக்காகத்தான் வெளக்கு ஏத்தாம ஒக்காந்திருக்கேன்."

சிவஞானம் மருமகளைப் பார்த்தார். சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டார். சுற்றி நின்ற சனத்தையும் பார்த்தார். பிறகு படியேறி வந்து, மூன்று வருடமாக அவர் வாயில் வராத வார்த்தையைச் சொன்னார்.

"சம்பந்தி. ஒரு வாரம் மட்டும். புள்ளைங்க பொழப்பு இது."

ரெங்கம்மாவின் முகம் ஒரு கணம் ஆடிவிட்டது. எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. வந்த விதம்தான் இப்படி.

அவள் நெருப்புப் பெட்டியை மகளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு. ஒனக்காகத்தான் எல்லாம். சாமான் இருக்கணும்னா வெளக்க ஏத்து. வேணாம்னா அப்படியே விடு, எடுத்துக்கிட்டுப் போகட்டும். நீ எது செஞ்சாலும் நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சுஜன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. மேனுஷா பண்டாரவளை வீட்டை நினைத்தாள், அதன் முன்வாசலை நினைத்தாள். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த அம்மாவை நினைத்தாள். அந்த வாசல் வேண்டுமென்றால் இந்த வாசலில் பொய் நிற்க வேண்டும். ஏத்தினாலும் மாட்டிக்கொண்டாள், ஏத்தாவிட்டாலும் மாட்டிக்கொண்டாள்.

ஏத்தினாள். ஈரத்தில் இரண்டு குச்சி அணைந்து, மூன்றாவது பற்றியது.

சிவஞானம் பெருமூச்சு விட்டார். "மகராசியா இரும்மா."

ரெங்கம்மா, வழக்கத்தை மீறப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று விளக்கை விழுந்து கும்பிட்டு எழுந்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளே மடித்திருந்த தாள்களை எல்லாம் எடுத்தாள். மாவிலை கட்டிய அதே வாசலில், லயம் முழுக்கப் பார்க்க, இரண்டு கையாலும் சிவஞானத்திடம் நீட்டினாள்.

"இந்தாங்க சம்பந்தி. பிரிட்ஜுக்கு மொதத் தவணை."

"எ... என்னது?"

"எம் மக அந்த ஆளுகிட்ட தவணைன்னு சொல்லியிருக்கா. வாத்தியாரம்மா சொன்ன வார்த்த பொய்யாகலாமா? டி.வி.யும் கிரைண்டரும் ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும். பிரிட்ஜ நா எடுத்துக்கிறேன். கடைசிக் காம்பராக்காரரு மருந்து வைக்கணும்."

சிவஞானம் என்ன செய்வார்? தோட்டத்தாளுக்குத் தவணை கிடையாது என்று சொல்ல முடியுமா? வெளியே அத்தனை சனம், அடுத்த வெள்ளி மலேசியாக்காரர். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், நீட்டிய பணம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் நீண்டுவிட்டது, வாங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"அப்பா," என்றான் சுஜன், அன்றைக்கு முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்து, "நாளைக்கு டொக்டர் வீட்டுக்கு என்னத்த அனுப்புறது?"

சிவஞானம் கையிலிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரசீது இப்ப வேணாம்" என்றாள் ரெங்கம்மா. "வெளக்கு வச்ச பொறவு ஒங்க கையால எதுவும் குடுக்க மாட்டீங்கன்னு மக சொல்லியிருக்கா. நாளைக்குக் குடுத்து விடுங்க."

மேனுஷாவுக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. "எப்பிடிம்மா கட்டுவ? ஒரு நாள் பேருக்கு எவ்வளவும்மா சம்பளம் வரும் ஒனக்கு?"

"ஞாயித்துக்கெழம லீவுல, கிலோவுக்கு அன்னைக்கே காசு தாற கைக்காசுக் கொழுந்து எடுக்கப் போறேன். காலையில ஆள் எண்ணுற பெரட்டுல பேர் குடுத்தாச் சரி. இன்னும் கையி இருக்குல்ல?" ரெங்கம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் விரலில் காலையில் குழைத்த குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அழுவாத. அடுத்த வெள்ளிக்கெழம அந்த ஆளு திரும்ப வந்து கேப்பான்ல? இனி நீ பொய் சொல்ல வேணாம்."